பேய்க்குக் கலர் அடிப்பது எப்படி: பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்திலிருந்து சில குறிப்புகள்

பெரியவர்களுக்கான கலரிங் புத்தகம் என்றாலே பூ, பட்டாம்பூச்சி, வட்ட வட்டமான மண்டலம் என்றுதான் நினைக்கிறோம். அதற்கு இன்னொரு கிளை உண்டு. மண்டை ஓடு, சூனியக்காரி, பாழடைந்த வீடு, பல்லிளிக்கும் பொம்மை என்று பக்கம் முழுக்க மயிரிழைக் கோடுகளால் அடைத்த பேய்ப் புத்தகங்கள். ஒரு வருடமாக ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் எனக்கு இதுதான் வேலை. அதில் சேர்ந்த குறிப்புகளை ஒழுங்குபடுத்தி இங்கே போடுகிறேன்.

கேள்வி இரண்டுதான். பயங்கரமான, நுணுக்கமான படத்துக்கு எந்தத் தாள், எந்தப் பென்சில் சரிப்பட்டு வரும்? அப்புறம், அந்தப் படத்துக்கு வெளிநாட்டுப் புத்தகத்தைத்தான் வாங்கணுமா, நம்ம மாவட்டத்திலேயே கிடைக்காதா? இரண்டாவது கேள்விக்குப் பதில் தேடப் போனபோதுதான் முதல் கேள்விக்கும் பதில் கிடைத்தது. அதனால் அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

1. இந்தப் புத்தகங்கள் வந்த வழி

அமெரிக்காவில் 1961-இல் பெரியவர்களைக் குறிவைத்து ஒரு கலரிங் புத்தகம் வந்தது. அலுவலக அதிகாரிகளைக் கிண்டல் செய்யும் புத்தகம் அது. யாரும் உட்கார்ந்து நிஜமாகவே கலர் அடிக்கட்டும் என்று போட்டதில்லை. இப்போது நாம் பார்க்கிற வகை ஸ்காட்லாந்துக்காரர் ஜொஹான்னா பாஸ்ஃபோர்டின் 'சீக்ரெட் கார்டன்' 2013-இல் வந்த பிறகு பரவியது. 2015 வாக்கில் உலகம் முழுக்க இது ஒரு அலை. அந்த அலையின் பின்னாலேயே 2016-இல் ஆலன் ராபர்ட்டின் 'தி பியூட்டி ஆஃப் ஹாரர்' வந்தது. அவர் ராக் இசைக்குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பவர், காமிக்ஸும் வரைபவர். பேய்ப் புத்தகத்துக்கென்று தனி வாசகர் கூட்டம் இருக்கிறது என்பதை அந்தப் புத்தகம் காட்டிவிட்டது.

கலர் அடித்தால் மனசு அடங்குமா? இதற்கு அடிக்கடி காட்டப்படும் ஆய்வு, 2005-இல் நான்சி கரி, டிம் காசர் இருவரும் 84 கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்தது. மூன்று பிரிவு. ஒரு பிரிவுக்கு மண்டல வடிவம், ஒரு பிரிவுக்குக் கட்டம் போட்ட டிசைன், மூன்றாவது பிரிவுக்கு வெறும் வெள்ளைத் தாள். முதல் இரண்டு பிரிவுக்கும் பதற்றம் குறைந்தது. வெள்ளைத் தாள்காரர்களுக்கு அந்த அளவு குறையவில்லை. சின்ன ஆய்வுதான். இதை வைத்து "கலர் அடித்தால் நோய் தீரும்" என்று கிளம்பிவிட வேண்டாம். எனக்கு இதில் முக்கியமாகப் பட்டது வேறு. நிதானத்தைக் கொடுத்தது வண்ணம் மட்டும் இல்லை, ஏற்கெனவே போட்டு வைத்த கோடு. கைக்கு ஒரு வரப்பு வேண்டியிருக்கிறது.

பேய்ப் படத்துக்கு இது இன்னும் பொருந்தும். பயமுறுத்துகிற ஒரு முகத்தைச் சட்டென்று பார்த்தால் கண்ணைத் திருப்பிக்கொள்வோம். அதே முகத்தை நாலு ராத்திரி உட்கார்ந்து, கோரைப்பல் ஒன்று, சடை ஒன்று என்று நிரப்பினால் பயம் போய் பழக்கம் வந்துவிடும்.

2. நம்ம பக்கத்துப் பேய்கள்

கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து ஆரம்பிக்கலாம். முதலாம் ராஜேந்திரன் கட்டிய கோயில், அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது, 2004 முதல் யுனெஸ்கோ பட்டியலிலும் உண்டு. அங்கே நடராசர் சிற்பத்தின் காலடியில் காரைக்கால் அம்மையாரைத் தேடிப் பாருங்கள். எலும்பும் தோலுமாக, விலா எண்ணக்கூடிய உடம்போடு தாளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அறுபத்து மூன்று நாயன்மார்களில் ஒருவர். அழகு வேண்டாம், பேய் உருவம் கொடு என்று இறைவனிடம் கேட்டு வாங்கியவர். தன்னைப் 'பேய்' என்றே பாட்டில் சொல்லிக்கொண்டவர். எலும்புக்கூடு வரைவதற்கு ஹாலோவீன் எதற்கு?

அதே கோயிலில் வாசல் காக்கும் துவாரபாலகர்கள் இருக்கிறார்கள். ஆளை விட உயரம், கோரைப்பல், "உள்ளே யார் இருக்கிறார் தெரியுமா?" என்று மிரட்டுகிற விரல். கிரீடத்திலிருந்து காலடி வரைக்கும் நகை. பெரிய உருவம், அதற்குள் ஆயிரம் சின்னச் சின்ன அறைகள்: கலரிங் பக்கத்துக்கு வேண்டியது இதுதானே.

அந்த ஊர் சோழர் தலைநகராக இருந்த காலத்தில்தான் ஜெயங்கொண்டார் கலிங்கத்துப்பரணியைப் பாடினார். முதலாம் குலோத்துங்கனின் கலிங்கப் போரைப் பற்றியது. அதில் காட்டுக்கு ஒரு பகுதி, காளி கோயிலுக்கு ஒரு பகுதி, பேய்களுக்கென்றே தனியாக ஒரு பகுதி. பேய்களின் பசி, உருவம், போர்க்களத்தில் அவை கூழ் சமைப்பது எல்லாம் வருகிறது. வரையத் தெரிந்தவர்களுக்கு அது ஒரு புதையல்.

பெரம்பலூர்ப் பக்கம் வந்தால் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன். திங்கள், வெள்ளி என்று வாரத்தில் இரண்டு நாள் மட்டும் நடை திறக்கிற கோயில் என்று பேர் வாங்கியது. அங்கே இருந்த செல்லியம்மனை ஒரு மந்திரவாதி அடக்கி வைத்திருந்தான், மதுரகாளி வந்து அவனை அழித்தாள், பிறகு செல்லியம்மன் இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டுப் பெரியசாமி மலைக்குப் போனாள் என்பது ஊர்க்கதை. மந்திரவாதி, அடைபட்ட தெய்வம், ராத்திரியில் வந்து தங்க இடம் கேட்கும் பெண்: ஒரு முழுப் புத்தகத்துக்கான பக்கங்கள் இந்த ஒரு கதையிலேயே இருக்கின்றன.

ஊர் எல்லைச் சாமிகளைத் தனியாகச் சொல்லவே வேண்டாம். முண்டக்கண், முறுக்கு மீசை, அரிவாள், காலடியில் நாய். இதில் ஒரு விஷயம் கவனியுங்கள், இந்தத் தெய்வங்கள் பலவற்றுக்குப் பேரிலேயே நிறம் இருக்கிறது. கறுப்பு. பச்சையம்மன். செம்முனி. கலர் என்ன அடிக்கணும் என்று கேட்கவே வேண்டியதில்லை.

சாமி வேண்டாம் என்பவர்களுக்கு அம்மோனைட். சுமார் பத்துக் கோடி வருடத்துக்கு முன் இந்தப் பகுதி கடல். பெரம்பலூர் மாவட்டத்துக் காரைப் பக்கத்துச் செம்மண் ஓடைகளிலும், அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களிலும் அந்தக் கடலின் உயிர்கள் கல்லாகிக் கிடக்கின்றன. அம்மோனைட் என்பது சுருள் ஓட்டுக்குள் வாழ்ந்த, கணவாய்க்குத் தூரத்துச் சொந்தமான ஒரு பிராணி. மேல் ஓடு தேய்ந்த கல்லில், அறைச்சுவர்கள் ஒட்டிய இடம் கோடாகத் தெரியும். நேர்க்கோடு இல்லை, பெரணி இலையின் ஓரம் மாதிரி மடிந்து மடிந்து போகும். எந்த ஓவியரும் இவ்வளவு நுணுக்கமாக யோசித்துப் போட முடியாது. 1860-களில் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிஸ்கா இந்தப் பக்கத்து அம்மோனைட்டுகளை விவரித்து வெளியிட்டபோது, அவற்றைக் கல் அச்சுப் படங்களாகவும் போட்டார். நேரில் பார்க்க அரியலூர் பக்கத்தில் வாரணவாசியில் தொல்லுயிர் அருங்காட்சியகம் இருக்கிறது.

3. கருப்பூர் சொல்லிக்கொடுக்கிற பாடம்

"கறுப்புக் கோட்டை முதலில் போடு, அப்புறம் உள்ளே நிறத்தை நிரப்பு" என்பது புதுசாக வெளிநாட்டிலிருந்து வந்த யோசனை இல்லை. அரியலூர் மாவட்டம் உடையார்பாளையம் பக்கத்துக் கருப்பூரின் கலம்காரி இதே முறைதான். கலம் என்றால் எழுதுகோல். மூங்கில் குச்சியிலும் தென்னை மட்டையிலும் செதுக்கிய எழுதுகோலால் பருத்தித் துணியில் வரைவார்கள். நாயக்கர் காலத்து ஆதரவில் வளர்ந்தது. கோயில் குடை, தொம்பை, தேர்ச்சீலை, மேலே கட்டும் விதானம் எல்லாம் இந்தத் துணிதான். 2021-இல் 'கருப்பூர் கலம்காரி ஓவியம்' என்று புவிசார் குறியீடு கிடைத்தது. தஞ்சாவூர் மாவட்டத்துச் சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் இதே வேலை நடக்கிறது.

கலம்காரியில் கறுப்பு, துரு ஏறிய இரும்பையும் வெல்லத்தையும் ஊறப்போட்டுப் புளிக்கவைத்து எடுப்பது. கடுக்காயில் தோய்த்த துணியில் அது பட்டதும் கறுத்துப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் தண்ணீரில் அலசினாலும் போகாது. நமக்கான முதல் பாடம் இது: மேலே என்ன பூசினாலும் கோடு கலங்கக் கூடாது.

இரண்டாவது பாடம், அதே வட்டாரத்தின் கோடாலிக் கருப்பூர்ச் சேலையில் இருக்கிறது. தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துக்காக நெய்தது. தறியிலேயே சரிகைப் பூக்களை நெய்துவிட்டு, வெளிச்சமாக இருக்க வேண்டிய இடங்களை மெழுகால் மூடி, மற்ற இடத்துக்கு அடர்ந்த சிவப்புச் சாயம் ஏற்றுவார்கள். இருட்டுக்குள்ளிருந்து சரிகை மினுங்கும். அதாவது, வெளிச்சத்தை முதலில் காப்பாற்றிவிட்டுத்தான் இருட்டைக் கொண்டுவரணும். பேய்ப் படத்துக்கு இதை விட நல்ல விதி எனக்குத் தெரியவில்லை.

4. என்ன வாங்கலாம்

தாள்: ஜெராக்ஸ் கடைத் தாள் 70, 75 ஜிஎஸ்எம். அதில் இரண்டு அடுக்குக்கு மேல் பென்சில் ஏறாது, வழவழத்துப்போகும். கலர் பென்சிலுக்குக் குறைந்தது 120, முடிந்தால் 160 ஜிஎஸ்எம். தொட்டால் லேசாகச் சொரசொரப்பாக இருக்க வேண்டும், அந்தச் சொரசொரப்புதான் நிறத்தைப் பிடித்து வைக்கிறது. பள்ளிக்கூட டிராயிங் நோட்டை விடக் கார்ட்ரிட்ஜ் தாள் நல்லது. வாட்டர்கலர் போடுவதானால் 300 ஜிஎஸ்எம், இல்லையென்றால் அப்பளமாகச் சுருண்டுவிடும். புத்தகம் வாங்கும்போது ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

பென்சில்: கலர் பென்சிலில் மெழுகு வகை, எண்ணெய் வகை என்று இரண்டு. மெழுகு வகை மிருதுவானது, நிறம் சட்டென்று அடர்த்தியாக ஏறும், ஒன்றோடொன்று கலக்கும். பிரிஸ்மாகலர் பிரீமியர் இந்த வகை. ஆனால் கூர் சீக்கிரம் மழுங்கும். அழுத்தி அடித்த இடத்தில் சில நாளில் வெள்ளையாக ஒரு படலம் பூக்கும், மெல்லிய துணியால் துடைத்தால் போய்விடும். எண்ணெய் வகை கொஞ்சம் கடினம், கூர் நிற்கும், படலம் பூக்காது. ஃபேபர்-காஸ்டல் பாலிக்ரோமோஸ் இந்த வகை. இரண்டுமே விலை அதிகம். டோம்ஸ், கேம்லின் மாதிரி நம்ம கடைகளில் கிடைக்கிற 24 நிறப் பெட்டியில் ஆரம்பிப்பதில் தப்பே இல்லை.

இதில் நான் கண்டது ஒன்றுதான்: கோடுதான் பென்சிலைத் தீர்மானிக்கும். அம்மோனைட்டின் மடிப்புக்கும் துவாரபாலகரின் நகைக்கும் கூர் நிற்கிற பென்சில் வேண்டும். மதுரகாளியின் பின்னால் இருக்கிற ராத்திரி வானத்துக்கு மிருதுவானது வேண்டும். பெரிய பெட்டி ஒன்று வாங்குவதை விட, நுணுக்கத்துக்கு ஒரு சின்னப் பெட்டி, பின்னணிக்கு மிருதுவான நாலைந்து அடர்நிறப் பென்சில் என்று வைத்துக்கொள்வது நல்லது. உதிரியாகக் கிடைத்தால் கருநீலம், அடர் பழுப்பு, அடர் பச்சை, கத்தரிப்பூ நிறம் எடுங்கள்.

பேனா: கோடு போட நிறமித்துகள் மை உள்ள மெல்லிய பேனா. சகுரா பிக்மா மைக்ரான், ஸ்டெட்லர் பிக்மெண்ட் லைனர் மாதிரி. காய்ந்த பிறகு தண்ணீர் பட்டாலும் கலங்காது, கருப்பூர்க் கறுப்பின் வேலையை இது செய்யும். மைக்ரானில் 01 என்றால் 0.25 மில்லிமீட்டர், 005 என்றால் 0.20. கண்ணில் ஒரு புள்ளி, பல்லில் ஒரு மினுக்கு வைக்க வெள்ளை ஜெல் பேனா ஒன்று. யூனிபால் சிக்னோ வெள்ளை நன்றாக மூடும்.

மார்க்கர்: ஆல்கஹால் மார்க்கர் பார்க்க ஜோராக இருக்கும், ஆனால் தாளைத் துளைத்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்கும் போகும். நுணுக்கமான அறைகளில் கோட்டைத் தாண்டிப் பரவும். போட்டே தீரணும் என்றால் அடியில் ஒரு கெட்டி அட்டை வையுங்கள்.

கூடவே நல்ல ஷார்ப்னர். நூறு ரூபாய்ப் பென்சிலைப் பிளேடு மழுங்கிய ஷார்ப்னரில் சீவினால் முனை உடைந்துகொண்டே இருக்கும். பென்சிலைக் கீழே போடாதீர்கள், வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே கரு துண்டு துண்டாகிவிடும். சித்திரை வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் மெழுகுப் பென்சிலை விட்டு வைக்காதீர்கள், கரு இளகிவிடும். கைக்கு அடியில் ஒரு தாள், நம்ம ஊர் வியர்வைக்கு அது கட்டாயம்.

5. பயத்தை வரவழைப்பது

முதலில் வெளிச்சம். சாதாரணமாக வெளிச்சம் மேலிருந்து விழும். கன்னத்துக்கும் மோவாய்க்கும் கீழே நிழல் இருக்கும். இதைத் தலைகீழாக்குங்கள். தீவட்டி கீழே இருப்பதாக வைத்துக்கொண்டு மோவாய், மூக்கின் அடி, புருவத்தின் அடிப்பக்கம் ஆகியவற்றுக்கு மஞ்சள் கொடுத்து, நெற்றிக்கும் கன்னத்தின் மேல்பக்கத்துக்கும் நிழல் கொடுங்கள். அதே முகம் வேறு ஆளாகிவிடும். ராத்திரிப் பூசையில் கற்பூர வெளிச்சத்தில் சாமி முகத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இரண்டாவது, கறுப்புப் பென்சிலைத் தள்ளிப்போடுங்கள். வெறும் கறுப்பு அடித்தால் அந்த இடம் செத்துப்போய் ஓட்டை மாதிரி தெரியும். கருநீலம் ஒரு அடுக்கு, மேலே அடர் பழுப்பு, மறுபடி கருநீலம். இப்படி வருகிற இருட்டுக்கு ஆழம் இருக்கும். கறுப்புசாமி சிலைகளையே பாருங்கள், பல ஊர்களில் உடம்பு நீலக் கறுப்பாகத்தான் இருக்கும். தோலுக்கு அடியில் லேசாகப் பச்சை பூசி, மேலே தோல் நிறம் கொடுத்தால் உயிரில்லாத தோற்றம் வரும். காரைக்கால் அம்மையாரின் விலாவுக்குக் கத்தரிப்பூ நிற நிழல்.

மூன்றாவது, கோடாலிக் கருப்பூர் விதி. பல், கண் வெள்ளை, அரிவாளின் விளிம்பு, நகையின் மேடு: இவற்றை முதலிலேயே வெறும் தாளாக விட்டு வையுங்கள். கலர் பென்சிலில் ஒருமுறை இருட்டாக்கிய இடத்தை மறுபடி வெள்ளையாக்குவது கஷ்டம். வெள்ளை ஜெல் பேனா கடைசிப் பொட்டுக்குத்தான்.

நாலாவது, கண்ணைக் கடைசியில் வையுங்கள். சிலை செய்கிறவர்கள் கண் திறப்பதைக் கடைசிச் சடங்காக வைத்திருப்பது எல்லோருக்கும் தெரியும். கலரிங்கில் அதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் இருக்கிறது. சுற்றியுள்ள இருட்டு எவ்வளவு என்று தெரிந்த பிறகுதான் கண் எவ்வளவு பளிச்சென்று இருக்கணும் என்று முடிவு செய்ய முடியும்.

"சாமியைப் போய்க் கிறுக்கலாமாடா?" என்று எங்க அத்தை கேட்டாங்க. கும்பாபிஷேகத்துக்குக் கோபுரத்துச் சுதைக்கு வர்ணம் அடிக்கிறவரும் இதைத்தானே செய்கிறார் அத்தை, என்றேன். அவங்க கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "அப்ப மீசைய ஒழுங்கா அடி" என்று சொல்லிட்டுப் போயிட்டாங்க. என்னைக் கேட்டால், மரியாதை என்பது எடுத்துக்கொள்கிற நேரத்தில் இருக்கிறது. மனசு ஒப்பவில்லை என்றால் அம்மோனைட், யாளி, பரணியின் பேய்கள் என்று எவ்வளவோ இருக்கிறது.

6. படத்தை நீங்களே தயாரிப்பது

கடையில் இந்தப் படங்கள் எதுவும் கலரிங் தாளாகக் கிடைப்பதில்லை. அதனால் நாமே செய்துகொள்ளணும். போட்டோ எடுங்கள். கிராமக் கோயில் என்றால் பூசாரியிடம் கேட்டுவிட்டு எடுங்கள். ஏ4 அளவில் பிரிண்ட் போட்டு, பகலில் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, மேலே டிரேசிங் தாள் வைத்துப் பென்சிலால் கோடு எடுங்கள். திருத்தி, மெல்லிய பேனாவால் மேலே ஓட்டுங்கள். வெளிக்கோட்டுக்குத் தடித்த பேனா, உள்வேலைக்கு மெல்லிசு. ஸ்கேன் செய்து 160 ஜிஎஸ்எம் தாளில் லேசர் பிரிண்ட் எடுங்கள். பல இங்க்ஜெட் மைகள் தண்ணீர் பட்டால் ஒழுகும், லேசர் கோடு நிற்கும்.

இந்த வேலையை வெறும் பொழுதுபோக்கு என்று விட்டுவிட எனக்கு மனசில்லை. 2021 அக்டோபரில் சிறுவாச்சூர்ப் பெரியசாமி மலைக் கோயில் சிலைகள் உடைக்கப்பட்டன. உடைக்க ஆள் வேண்டும் என்றுகூட இல்லை. மழை, வெயில், மேலே மேலே அடிக்கிற எனாமல் பெயிண்ட் இவையே போதும், பத்து வருடத்தில் எல்லைச் சாமியின் கழுத்து நகை எது, மடிப்பு எது என்று தெரியாமல் போய்விடும். போட்டோ இருக்கே என்பீர்கள். பக்தர்கள் எடுக்கிற போட்டோவில் மாலையும் பட்டுத்துணியும் பாதியை மறைத்திருக்கும். எந்தக் கையில் என்ன ஆயுதம், இடுப்பில் கட்டு எந்தப் பக்கம், நாய் தலை எங்கே திரும்பியிருக்கிறது என்று திரும்பச் செய்ய வரும் சிற்பி கேட்டால் பதில் சொல்ல ஊரில் ஆள் வேண்டும். கோடு போட்டுப் பார்த்தவருக்கு அது தெரியும். ஏனென்றால் கோடு போடும்போது மழுப்ப முடியாது, ஒவ்வொரு விரலும் எங்கே முடிகிறது என்று முடிவு செய்தாக வேண்டும்.

அதனால் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் எல்லைச் சாமியை ஒரு தாளுக்குக் கொண்டுவந்தால், இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றில் இஷ்டத்துக்குப் பேய் வெளிச்சம் போட்டு விளையாடுங்கள். இன்னொன்றில் இப்போது சிலையில் இருக்கிற அதே நிறத்தை அடியுங்கள். தாளின் பின்பக்கம் ஊர் பேர், சாமி பேர், பார்த்த தேதி, துணி மறைத்ததால் சரியாகத் தெரியாத பாகம் எது என்று எழுதி வையுங்கள். முதல் படத்துக்கு 160 ஜிஎஸ்எம் தாள் நாலு, 24 நிறப் பெட்டி ஒன்று, மெல்லிய பேனா ஒன்று, வெள்ளை ஜெல் பேனா ஒன்று போதும். சில நூறு ரூபாயில் முடிந்துவிடும்.